ஹைதராபாத் காற்றும் வீட்டு வடிகட்டியும்

தீபாவளி கழிந்து கார்த்திகை பிறக்கும் தறுவாயில் ஹைதராபாத் நகரத்துக் கடைவீதிகளில் ஏர் பியூரிஃபையர் எனப்படும் காற்று வடிகட்டும் இயந்திரத்தின் விளம்பரங்கள் தலைகாட்டத் தொடங்குகின்றன. சில ஆண்டுகளுக்கு முன்னர் இந்நகரில் இதனை வாங்குவோர் அரிது. இப்பொழுதோ, குழந்தைக்கு இழுப்புக் கண்டாலும், வீட்டுப் பெரியவருக்கு இருமல் வாரக்கணக்கில் நீடித்தாலும், 'ஒன்று வாங்கிவிடலாமா?' என்ற பேச்சு நடுத்தரக் குடும்பங்களில் எழுந்துவிடுகிறது. கேள்வி நியாயமானதே. ஆயினும், கண்ணைச் சோதித்துக் கொள்ளாமல் மூக்குக்கண்ணாடி வாங்குவார் எவருமில்லை. காற்று வடிகட்டியோ பெரும்பாலும் அப்படித்தான் வாங்கப்படுகிறது. நம் வீட்டுச் சன்னலுக்கு வெளியே மிதப்பது புழுதியா, புகையா, வாயுவா, அது எந்த மாதத்தில் எந்த நேரத்தில் மிகுகிறது என்பதை அறியாமல் செய்யும் செலவு, பல வேளைகளில் நோயாளிக்குப் பயன்படாத செலவாகவே முடிகிறது.

இவ்விளம்பரங்களுள் பல டில்லி மாநகரத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. டில்லியின் நிலைமை வேறு, நம் நிலைமை வேறு. கங்கைச் சமவெளியில் குளிர்காலத்துக் காற்று தேங்கிக் கிடக்கும். அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் எரியும் புகையும் அதனுடன் சேரும். ஹைதராபாத்தோ கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,750 அடி உயரத்தில், தக்காணப் பீடபூமியின் கருங்கற்பாறைகள் மீது அமைந்த நகரம். ஆண்டின் பெரும்பகுதி இங்குக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே டில்லிக்காரர் வீட்டில் அறைக்கொரு இயந்திரம் வைக்கிறார் என்பதற்காக நாமும் அவ்வாறே செய்ய வேண்டுவதில்லை. அதே வேளையில், 'நம் ஊர்க் காற்று நல்ல காற்று' என்று வாளாவிருப்பதற்கும் இடமில்லை. மத்திய அரசாங்கம் 2019ஆம் ஆண்டு ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியபொழுது, வரம்பு கடந்த காற்று மாசுள்ள நகரங்களின் பட்டியலில் ஹைதராபாத்தும், அதன் அருகிலுள்ள பட்டான்செருவும், நல்கொண்டாவும் இடம்பெற்றன.

நம் நகரத்துக் காற்றில் மிதப்பவற்றை மூன்று இனமாகப் பிரித்துக் கொண்டால் மேற்கொண்டு பேசுவது எளிதாகும். முதலாவது புழுதி. கருங்கல் உடைக்கும் ஆலைகள், மேற்குப் புறநகர்களில் ஓயாது எழும்பும் அடுக்குமாடிக் கட்டடங்கள், தோண்டி மூடப்படாத சாலைகள் ஆகியவை இதன் பிறப்பிடங்கள். புழுதித் துகள்கள் ஒப்புநோக்கப் பெரியவை. பெரும்பாலானவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தும்மல், கண்ணெரிச்சல், வறட்டு இருமல் ஆகியவை இதன் அடையாளம். பார்த்தீனியம் போன்ற களைச்செடிகளின் மகரந்தத்தையும் இவ்வினத்திலேயே சேர்க்கலாம். இரண்டாவது நுண்துகள். வாகனப் புகை, டீசல் ஜெனரேட்டர்ப் புகை, குப்பையும் சருகும் எரியும் புகை, இரவுக் காவலாளிகள் குளிருக்காக மூட்டும் நெருப்பின் புகை ஆகியவற்றில் இது மிகுதி. விஞ்ஞானிகள் பி.எம். 2.5 எனக் குறிப்பிடும் இத்துகள்கள் குறுக்களவில் இரண்டரை மைக்ரானும் அதற்குக் குறைந்தவையுமாகும். அதாவது மனிதத் தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இரா. இவை நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை சென்று படியக் கூடியவை. மூன்றாவது வாயுக்களும் ஆவிகளும். வடக்கு, வடமேற்குத் தொழிற்பேட்டைகளை அடுத்து வாழ்வோர் இரவு நேரங்களில் முகரும் இரசாயன நெடி இவ்வினத்தது.

இம்மூன்றில் எது நமக்கு மிகுதி என்பது இடத்தைப் பொறுத்தது போலவே காலத்தையும் பொறுத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை காற்றைக் கழுவிவிடுகிறது. கோடையில் நிலம் சூடேறி, காற்று மேலெழுந்து கலந்துவிடுவதால் நுண்துகள் சற்றே தணிந்திருக்கும். புழுதி மட்டும் ஓங்கியிருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான நான்கு மாதங்களே உண்மையில் கவலைக்குரியவை. அக்காலத்து இரவுகளில் தரை விரைவில் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்குகிறது. அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று ஒரு மூடி போல் கவிந்துகொள்கிறது. மாலை முதல் எழுந்த புகை எல்லாம் அம்மூடிக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும். வெயில் ஏறி நிலம் சூடான பின்னரே, காலை பத்து மணியளவில், மூடி விலகத் தொடங்கும். பிற்பகல் இரண்டு முதல் ஐந்து மணி வரை காற்று ஒப்புநோக்கத் தெளிவாயிருக்கும். விடியற்காலையில் எல்லாச் சன்னல்களையும் திறந்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். மார்கழி மாதத்து ஹைதராபாத்தில் அந்த வழக்கத்தைப் பிற்பகலுக்கு ஒத்திப் போடுவதே மேல். இதற்குக் காலணாச் செலவில்லை. இயந்திரம் வாங்குமுன் ஒரு வாரம் இதனைச் செய்து பார்த்து, நோயாளியின் இருமல் தணிகிறதா என்று கவனிப்பது விவேகமான காரியம்.

காற்றின் நிலையை அறிவிக்கும் எண்ணைப் பற்றியும் இங்குச் சொல்லியாக வேண்டும். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மத்திய அரசாங்கம் காற்றுத் தரக் குறியீட்டெண்ணை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 0 முதல் 50 வரை 'நன்று', 51 முதல் 100 வரை 'திருப்திகரம்', 101 முதல் 200 வரை 'நடுத்தரம்', அதற்கு மேல் 'மோசம்', 'மிக மோசம்', 'கடுமை' என ஆறு படிகள். ஹைதராபாத் பெரும்பாலான நாட்களில் இரண்டாவது, மூன்றாவது படிகளிலேயே நிற்கிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு 'திருப்திகரம்' என்ற சொல்லின் மீது ஓர் ஐயம் எப்பொழுதுமே உண்டு: யாருடைய திருப்தி? குறியீடு 100 என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று பொருள். நம் நாட்டின் 2009ஆம் ஆண்டுத் தரவரையறையில் ஒரு நாளைக்குரிய உச்ச வரம்பும் அதுவே. உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வெளியிட்ட பரிந்துரையில் நாள் வரம்பு 15 மைக்ரோகிராம்தான். ஆரோக்கியமான இளைஞருக்குத் திருப்திகரமான காற்று, ஆஸ்த்மாக் குழந்தைக்கோ, இருதய நோயுள்ள முதியவருக்கோ திருப்திகரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அரசாங்கத்தின் விளக்கக் குறிப்பும் இரண்டாவது படியிலேயே எளிதில் பாதிக்கப்படுவோருக்குச் சிறிது மூச்சுத் தொல்லை நேரலாம் என்று சொல்லத்தான் செய்கிறது; அக்குறிப்பை ஊன்றிப் படிப்பவர் சிலரே.

அளவுகள் யாவும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தே உள்ளன. சனத்நகர், நேரு விலங்கியல் பூங்கா, மத்தியப் பல்கலைக்கழகம், பொல்லாரம், பாஷமைலாரம், பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் வளாகம் முதலிய இடங்களில் தானியங்கி அளவை நிலையங்கள் இயங்குகின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' என்னும் கைப்பேசிச் செயலி வாயிலாக மணிக்கு மணி இவ்வளவுகளைக் காணலாம். நம் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தைத் தேர்ந்து, குளிர்காலத்தில் ஒரு வாரம் காலை, பிற்பகல், இரவு மூவேளையும் எழுதி வைத்தால் நம் வட்டாரத்துக் காற்றின் குணம் ஒருவாறு புலப்படும். அதில் பி.எம். 10 மட்டும் ஓங்கி, பி.எம். 2.5 தாழ்ந்திருந்தால் தொல்லை பெரும்பாலும் புழுதி. இரண்டும் சேர்ந்து இரவில் ஏறினால் புகை. நிலையத்திலிருந்து நான்கு மைல் தொலைவிலுள்ள வீட்டுக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான். பெருஞ்சாலையை ஒட்டிய முதல் மாடி வீட்டில் நிலைமை அதைவிட மோசமாகவே இருக்கும்.

இனி வடிகட்டியின் வேலைமுறை. மாவு சலிக்கும் சல்லடையில் துளையைவிடப் பெரியது மேலே தங்கும், சிறியது கீழே விழும். காற்று வடிகட்டியும் அவ்வாறே என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நுண்துகள் வடிகட்டி வேலை செய்யும் விதம் வேறு. அது கண்ணாடி இழைகளோ செயற்கை இழைகளோ குறுக்கும் நெடுக்குமாகப் படிந்த ஒரு காகிதம். பல மடிப்புகளாக மடிக்கப்பட்டிருக்கும். சற்றே கனத்த துகள்கள் காற்றோடு வளைந்து செல்ல மாட்டாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிகமிகச் சிறியவை, காற்றணுக்களின் இடிபட்டு அங்குமிங்கும் தள்ளாடுவதால் ஏதேனும் ஓர் இழையில் சிக்கிவிடுகின்றன. இவ்விரண்டுக்கும் நடுப்பட்ட, ஏறத்தாழ 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களே தப்பிச் செல்வதில் கெட்டிக்காரர்கள். ஆகையால் வடிகட்டியின் திறமையை அந்த அளவிலேயே சோதிக்கின்றனர். 1940களில் அமெரிக்காவின் அணுகுண்டு ஆராய்ச்சிக் கூடங்களில் கதிரியக்கத் துகள்களைப் பிடிப்பதற்காக உருவான 'ஹெப்பா' வடிகட்டி, 0.3 மைக்ரான் துகள்களில் நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடிக்கக் கூடியது. ஐரோப்பிய முறைப்படி எச்.13 எனக் குறிக்கப்படுவது 99.95 பங்கைப் பிடிக்கும்.

விளம்பரங்களில் 'ஹெப்பா டைப்' என்றும் 'ஹெப்பா போன்ற' என்றும் வரும் சொற்களை நேயர்கள் சற்று நின்று படிக்க வேண்டும். ஒரு சொல்லை மொழிபெயர்க்கும்பொழுது அதன் வால் எங்கே முடிகிறது என்று பார்ப்பது எம் போன்றோரின் பழக்கம். 'பசும்பால்' வேறு, 'பசும்பால் வகை' வேறு அல்லவா? மேலும், 99.97 என்பது அந்தக் காகிதத்தைப் பற்றிய செய்தி. அறையைப் பற்றிய செய்தியாகாது. காகிதத்தின் வழியே எத்தனை காற்று எத்தனை நேரத்தில் செல்கிறது என்பது தெரியாதவரை அந்த எண்ணினால் நமக்கு ஆவது ஒன்றுமில்லை. கழுவி மீண்டும் மாட்டலாம் என்று விற்பனையாளர் சொன்னால், அது முன்புறமுள்ள வலைக்கு மட்டுமே பொருந்தும் என்று கொள்ள வேண்டும். ஹெப்பாக் காகிதத்தைக் கழுவினால் அதன் இழையமைப்புக் கெட்டுவிடும். மின்னூட்டத்தாலோ ஓசோன் வாயுவாலோ காற்றைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கருவிகளை ஒதுக்கிவிடுவதே நன்று. ஓசோன் மேல்வானத்தில் நமக்குக் குடை. படுக்கையறையில் அது நுரையீரலை எரிக்கும் வாயு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் வீட்டுக் கருவிகள் வெளியிடும் ஓசோனுக்குச் சட்டத்தினாலேயே வரம்பு கட்டியிருக்கிறது.

வாங்கும்பொழுது நாம் கேட்க வேண்டிய எண் ஒன்றே: ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் தூய காற்றை இயந்திரம் வெளிவிடுகிறது? பெட்டியின் மீது இது சி.ஏ.டி.ஆர். எனக் குறிக்கப்பட்டிருக்கும். கணக்கு எளியது. 12 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள படுக்கையறையின் கொள்ளளவு 1,440 கன அடி. அதாவது ஏறத்தாழ 41 கன மீட்டர். அறைக் காற்று முழுவதும் மணிக்கு ஐந்து முறை வடிகட்டியின் வழியே சென்று வந்தால்தான் நோயாளிக்குக் குறிப்பிடத்தக்க பயன் உண்டு. ஆகவே 41ஐ ஐந்தால் பெருக்கினால் 205. இந்த அறைக்கு மணிக்கு 200 கன மீட்டருக்குக் குறைந்த இயந்திரம் போதாது. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டியின் மீதுள்ள எண் விசிறி முழு வேகத்தில் சுழலும்போது கிடைப்பது. அந்த வேகத்தில் எழும் இரைச்சலில் எவரும் தூங்க இயலாது. இரவில் வேகத்தைக் குறைத்தால் அளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். எனவே 350, 400 என்ற அளவுள்ள இயந்திரத்தை வாங்கித் தாழ்ந்த வேகத்தில் ஓட்டுவது, சிறியதை வாங்கி அலறவிடுவதைக் காட்டிலும் உத்தமம். 40 வாட் மின்சாரம் உண்ணும் இயந்திரம் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 11 யூனிட்டு ஆகும்; பெருஞ்செலவன்று.

கூடத்தில் வைக்கலாமா என்று கேட்பவர் உண்டு. 20 அடிக்கு 15 அடிக் கூடத்துக்கு மேற்படிக் கணக்கின்படி மணிக்கு 425 கன மீட்டர் வேண்டும். அதுவும் சமையலறைக்கும் வாசலுக்கும் வழிவிடாத கூடமாக இருந்தால். அப்படியொரு கூடம் நம் வீடுகளில் எங்கே இருக்கிறது? வாசலிலுள்ள செருப்புப் புழுதியும், பக்கத்து வீட்டுக் குழந்தைகளும், தாளிதப் புகையும் கடந்து போகும் பொதுவிடம் அது. ஒரே இயந்திரம் வாங்கும் சக்தியுள்ள குடும்பம் அதனை நோயாளி உறங்கும் அறையில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, திரைச்சீலை மறைக்காத இடத்தில் வைப்பதே சரி. நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம், அதுவும் வெளிக்காற்று மிக மோசமாயிருக்கும் இரவு நேரம், அவர் அவ்வறையில்தான் கழிக்கிறார்.

கோடைக்காலத்தில் ஹைதராபாத் வீடுகளுக்கே உரிய ஒரு முரண் எழுகிறது. முற்காலத்தில் இங்கு வெட்டிவேர்த் தட்டிகளைச் சன்னலில் கட்டி நீர் தெளிப்பார்கள். இன்று அவ்விடத்தை ஏர்கூலர் பிடித்துக்கொண்டது. கூலர் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, ஈரத் தட்டியின் வழியே அனுப்புவது; அக்காற்று வெளியேற எதிர்ச் சன்னல் திறந்திருக்க வேண்டும். வடிகட்டியோ மூடிய அறையில் மட்டுமே பயன் தருவது. இரண்டையும் ஒரே அறையில் ஓட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றது. கூலர் ஓடும் மாதங்களில் நுண்துகள் குறைவு. புழுதியில் ஒரு பங்கை ஈரத் தட்டியே பிடித்துக்கொள்ளும். ஆகவே அப்போது வடிகட்டிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைப்பதே போதும். ஏ.சி. வைத்திருப்போர் நிலை வேறு. அது அறைக்குள்ளிருக்கும் காற்றையே சுழற்றுவதால் வடிகட்டி அதனுடன் ஒத்துப்போகும். ஏ.சி.யிலேயே வலை இருக்கிறதே என்றால், அவ்வலை பஞ்சையும் தூசியையும் பிடிக்குமேயன்றி நுண்துகளைப் பிடிக்காது.

இதுகாறும் கூறியவை புழுதிக்கும் புகைக்கும் பொருந்தும். வாயுவுக்குப் பொருந்துமா? இங்கேதான் பலர் ஏமாந்து போகின்றனர். நகரின் வடமேற்குப் பகுதியில் வசிக்கும் நம் நண்பர் குடும்பம் ஒன்று, இரவில் வரும் நெடியைத் தாங்க இயலாமல் விலையுயர்ந்த இயந்திரம் ஒன்றை வாங்கியது. இயந்திரத்தின் முகப்பில் துகள் அளவு 10 என்று பச்சை விளக்கில் மின்னிற்று, நெடியோ நின்றபாடில்லை, குழந்தையின் தலைவலியும் போகவில்லை. இயந்திரம் பொய் சொல்லவில்லை. துகளை அது பிடித்தது. வாயுவைப் பிடிக்கும் வேலை ஹெப்பாக் காகிதத்தினுடையதன்று. அதற்குக் கிளர்வூட்டப்பட்ட கரி வேண்டும். தேங்காய்ச் சிரட்டை முதலியவற்றை எரித்துப் பக்குவம் செய்த இக்கரியில் ஒரு கிராமுக்கு 500 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட உட்பரப்பு ஒளிந்திருக்கிறது. ஆவிகள் அப்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இடம் நிரம்பியதும் கரி செயலிழந்துவிடும். நண்பர் வாங்கிய இயந்திரத்தில் கரி என்று சொல்லப்பட்டது, துணியில் கருமை பூசியது போன்ற ஒரு மெல்லிய படலம். அது சில வாரங்களில் நிரம்பிவிடக் கூடியது. நெடியுள்ள வட்டாரத்தில் வாழ்வோர் கரியின் எடையைக் கேட்க வேண்டும். கிராமில் சொன்னால் ஒதுக்கிவிட்டு, கிலோவில் சொன்னால் மேலே பேசலாம். அப்படிப்பட்ட இயந்திரமும் மழைக்கால ஈரத்தில் திறன் குன்றும். அம்மோனியா போன்ற சில வாயுக்களைச் சாதாரணக் கரி சரியாகப் பிடிப்பதில்லை.

ஆகவே இரசாயன நெடியின் விஷயத்தில் நமது அபிப்பிராயம் வேறு. அதனை வீட்டுக்குள் வடிகட்டித் தீர்த்துவிட முடியாது. நெடி வந்த தேதி, மணி, காற்று வீசிய திசை, நெடியின் தன்மை ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து, பத்து வீட்டார் கையொப்பமிட்டு, சனத்நகரிலுள்ள மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுத்து மூலம் முறையிட வேண்டும். 'நாறுகிறது' என்ற தொலைபேசிப் புகாரைக் காட்டிலும், இன்ன நாளில் இன்ன நேரத்தில் என்ற குறிப்புடன் செல்லும் மனுவுக்கே கோப்பில் வலிமை உண்டு. அரசாங்கக் கோப்புகளுடன் இருபது ஆண்டுகள் பழகியவர்கள் என்ற முறையில் இதனைச் சற்று உறுதியாகவே சொல்லலாம்.

வெளிக்காற்றைக் குறை சொல்லும் வேகத்தில் வீட்டினுள் நாமே எழுப்பும் புகையை மறந்துவிடுகிறோம். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. மூடிய அறையில் ஒரு புறம் சுருளும் மறு புறம் வடிகட்டியும் வைத்துக் குழந்தையை உறங்கச் செய்வதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். கொசுவலை ஒன்று அவ்விரண்டின் வேலையையும் செய்துவிடும். ஊதுவத்தியும் சாம்பிராணியும் வேண்டாமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. சன்னலைத் திறந்து வைத்து ஏற்றலாம். பால்கனியில் குடியேறிய புறாக்களின் எச்சத் தூள் வேறொரு ஆபத்து. நெடுங்காலம் அதனைச் சுவாசிப்போருக்கு நுரையீரல் இறுகும் நோய் வருவதுண்டு. புறாவுக்குத் தானியம் இறைத்துவிட்டு உள்ளே வந்து வடிகட்டியை முடுக்குவதில் பொருளில்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது குளியலறைக் காஸ் கெய்சர். அடைபட்ட அறையில் அது வெளியிடக் கூடிய கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உயிரைக் குடித்துவிடும். எந்த வடிகட்டியும், எத்தனை விலை கொடுத்ததாயினும், அதைத் தடுக்காது. வெளிக்காற்று வரும் வழி ஒன்றே அதற்குக் காப்பு. உறங்குவோர் வெளிவிடும் கரியமில வாயுவையும் வடிகட்டி குறைப்பதில்லையாதலால், படுக்கையறையை ஊசிமுனை இடமின்றி அடைத்துவிடலாகாது. கதவடியில் சிறு இடைவெளி இருக்கட்டும்.

அப்படியானால் யார்தாம் வாங்க வேண்டும்? ஆண்டுதோறும் ஜூன் மாதம் மிருகசீரிஷக் கார்த்தி நாளில் நாம்பள்ளி பொருட்காட்சி மைதானத்தில் மீன் மருந்து விழுங்குவதற்காக ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்பதை நேயர்கள் அறிவார்கள். அம்மருந்தின் பலன் விஞ்ஞான முறையில் நிறுவப்பட்டதன்று. ஆயினும் மூச்சுத்திணறல் எத்தனை இல்லங்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்பதற்கு அந்த வரிசை சாட்சி. வீட்டில் ஆஸ்த்மாவோ, நாட்பட்ட நுரையீரல் நோயோ, இருதய நோயோ உள்ளவர் இருந்து, வீடும் பெருஞ்சாலையையோ குப்பை எரியும் திடலையோ ஒட்டியிருந்தால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை அவர் அறையில் ஓர் இயந்திரம் ஓடுவது பயனுள்ள செலவே. மருத்துவர் கொடுத்த உறிஞ்சு மருந்தை அதற்காக நிறுத்திவிடக் கூடாது. எல்லாரும் நலமாயுள்ள வீட்டில், புழுதி மட்டுமே தொல்லையாயிருந்தால், ஈரத் துணியும், சன்னலுக்கு நெருக்கமான வலையும், பிற்பகல் காற்றும் போதும்.

பணவசதி குறைந்தோருக்கும் வழியுண்டு. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் என்னும் இருவரின் யோசனையில் ஒரு பெட்டி உருவாயிற்று. நான்கு வடிகட்டி அட்டைகளைச் சதுரமாக நிறுத்தி, அடியை அட்டையால் மூடி, மேலே ஒரு விசிறியைப் பொருத்தி, இடுக்குகளை ஒட்டுநாடாவால் அடைப்பது, அவ்வளவே. அழகில் கடைப்பொருளுக்கு ஈடாகாது. காற்றை வடிகட்டுவதில் பின்தங்குவதுமில்லை. எந்த இயந்திரமாயினும் அதனைப் பரீட்சிக்க ஒரு முறை உண்டு. துகள் அளக்கும் சிறு மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, குளிர்கால இரவில் அறையை மூடி அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தை அரை மணி நேரம் ஓட்டிய பின் மறுபடி அளந்தால், முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்காவது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையெனில் இயந்திரம் அறைக்குச் சிறியது, அல்லது எங்கோ சன்னல் சரியாக மூடவில்லை.

நம் ஊர்ப் புழுதிக்கு முன்வலை விரைவில் அடைத்துக்கொள்ளும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை அதைக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் வாரம் ஒரு முறை. உள்ளேயிருக்கும் ஹெப்பா வடிகட்டி, குளிர்கால இரவுகளில் மட்டும் ஓட்டினால் இரண்டு பருவங்கள் வரைகூட உழைக்கலாம். வெண்மை மாறிச் சாம்பல் நிறமாகிவிட்டதென்பதற்காக உடனே எறிந்துவிட வேண்டாம். காற்று வரத்துக் குறைந்த பின் மாற்றினால் போதும். புதிய வடிகட்டியின் விலையையும், அது உள்ளூரில் கிடைக்குமா என்பதையும் இயந்திரம் வாங்கும் நாளிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. இயந்திரத்தின் விலையில் கால் பங்கும் அதற்கு மேலும் அதற்கே ஆவதுண்டு. மழை தொடங்கியதும் மின்தொடர்பை நீக்கி, வலையை உலர்த்தி, இயந்திரத்தை ஈரமில்லாத அலமாரியில் மூடி வைக்கலாம். அக்டோபர் இறுதியில் வெளியே எடுத்ததும் வடிகட்டியை ஒரு முறை முகர்ந்து பார்க்க வேண்டும். பூஞ்சை நாற்றம் வீசினால் அதனை மாற்றிய பின்னரே இயந்திரத்தை நோயாளியின் அறைக்குள் கொண்டுசெல்லலாம்.